மணிக்கணக்கு

ஆறேகாலுக்கு மீட்டரைப் படம் எடுத்து
தளவாய்க்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுத்தான்
வாளியை மண்ணில் இறக்கினேன்.
மணிக்கு ஆயிரத்து நானூறு. அதில் என் படி நூற்றைம்பது.
கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மணி மணிதான் என்று
நேற்றே பேசி முடித்தது.

மானூருக்கு வடக்கே நாலு ஏக்கர் கரிசல்.
பத்து வருசமாய் உழவு காணாமல் உடைமரம் ஏறிக் கிடந்தது.
சிவனணைந்தான் செத்து இன்றைக்கு நாற்பத்தோராம் நாள்.
சிவன் அணைத்தானோ என்னவோ
மனுசர் யாரும் கிட்டே போனதில்லை.

எச்சில் கையால் காக்கா விரட்டமாட்டார் என்று
எல்லாக் கஞ்சனையும் சொல்வதுதான்.
இவர் வட்டிலுக்குக் காக்காயே வராதாம்,
எச்சில் மிஞ்சினால்தானே.
தீக்குச்சியை பிளேடால் நெடுக்கே பிளந்து
ஒன்றை இரண்டாக்கி வைத்திருப்பாராம்.
பருத்தி விற்ற காசு, உளுந்து விற்ற காசு,
ரோட்டுக்கு நிலம் எடுத்தபோது வந்த காசு,
எதுவும் பேங்குக்குப் போகவில்லை.
ராத்திரியில் இந்தக் காட்டுக்குள் அரிக்கேன் வெளிச்சம்
அங்கேயும் இங்கேயும் நடமாடும்.
காவல் காக்கிறார் என்று ஊர் சொன்னது.

மருமக்கள் ரெண்டு பேர், தளவாயும் முப்புடாதியும்.
வரப்புக்குக் கிழக்கே கிடைத்தால் உனக்கு, மேற்கே எனக்கு.
வரப்பிலேயே கிடைத்தால்?
அதற்கு ஒரு மணி நேரம் சண்டை.
வண்டியை அணைக்கச் சொல்ல ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மை போட்டவர் மூன்று பனைக்கு நடுவே என்றார்.
இருப்பதோ ரெண்டு பனை.
ஒன்றை வெட்டியிருப்பார்கள் என்று
வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.
நாகர்கோவிலில் இருந்து வந்த கருவி
கொழுவுக்கு ஒருதரம், லாடத்துக்கு ஒருதரம்,
சோடா மூடிக்கு ரெண்டுதரம் கத்தியது.

மண்ணை எனக்குத் தெரியும்.
தொடாத கரிசல்
கருப்பட்டியை அரிந்ததுபோல் வழுவழுவென்று வரும்.
நாலடிக்குக் கீழே வெள்ளைச் சுக்கான்.
ஒருதரம் தோண்டி மூடிய இடமென்றால்
கறுப்பும் வெள்ளையும் கலந்து பொலபொலவென்று உதிரும்.

ஒன்பது மணிக்கு அப்படி உதிர்ந்தது.
என் கை லிவரிலேயே நின்றுவிட்டது.
மெல்ல, மெல்ல வழித்தேன்.
ஒன்றுமில்லை.
நாலு முழம் தள்ளி இன்னொன்று. அதிலும் இல்லை.
அப்புறம் எண்ண ஆரம்பித்தேன்.
பதினேழு.
எல்லாம் ஒரே மம்பட்டி அகலம், இடக்கைக்காரன் வெட்டு.

வாளிப் பல்லில் சிக்கிய வேரைப் பிடுங்க இறங்கினபோது
ஒரு குழியின் ஓரத்தில் கிடந்தது,
பாதியாய்ப் பிளந்த தீக்குச்சி.

எல்லைக் கல்லை ஒட்டி நெருக்க நெருக்கமாய் இடுப்பளவு.
ஓடைப் பக்கம் வர வர ஒழுங்கில்லாமல்.
வேலியோரம் கடைசி மூன்றும்
முழங்கால் ஆழம்கூட வரவில்லை.

காவல் காத்த வெளிச்சமில்லை அது.
வைத்த இடம் தெரியாமல்
எத்தனை வருசம் தேடினாரோ.
யாரிடம் கேட்பது? கேட்க ஆள் வைத்துக்கொள்ளவில்லையே.

"என்ன அண்ணாச்சி, ஏதாவது தட்டுதா?"
தளவாய் டீயை நீட்டினான்.
சொல்ல வாயெடுத்தேன்.
பார்வை மீட்டரில் விழுந்தது.
"மண்ணு உதிருது. மேற்கே இன்னும் ரெண்டு மணி நேரம் பாப்போம்"
என்றேன். டீ நல்ல சூடு.

இருட்டுமுன் முப்புடாதி வந்து
மூடுவதற்கும் அதே ரேட்டா என்று கேட்டான்.
வண்டி ஓடினால் மணி ஓடத்தானே செய்யும் என்றேன்.
கொஞ்சம் யோசித்தவன்
அப்படியே கிடக்கட்டும் என்றுவிட்டான்.

லைட்டைப் போட்டு வண்டியைத் திருப்பினேன்.
குழி குழியாய்
வெளிச்சம் உள்ளே இறங்கி ஏறிப் போனது.